அவிட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புகை

குழம்பில் உப்பு கூடிப்போனால் கூடிப்போச்சு என்று சொல்லிவிடுகிற ஆள் தாமரைச்செல்வி. சமைத்தது நாத்தனாராக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டு மாஸ்டராக இருந்தாலும் சரி. செக்கானூரணிப் பக்கம் பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பத்தில் நாலு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அடுப்படிக்குள் இருந்தபடியே, "மாப்பிள்ளை சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்ல. அவுக வீட்ல ஒருத்தருக்கும் கண்ணு தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். கூடத்தில் இருந்த பத்துப் பேருக்கும் அது கேட்டது. ஜெயபாண்டி குனிந்து சட்டையைப் பார்த்தார். பொத்தான் இல்லைதான். "உள்ளதச் சொல்ற பொண்ணு, இருக்கட்டும்" என்று அவரே சம்மதம் சொன்னார் என்பது முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தில் ஓடுகிற கதை.

வண்டியூரில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கீழே இரண்டு அறை, மொட்டை மாடியில் ஓர் அறை. ஜெயபாண்டிக்குக் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் சுபலட்சுமியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் அருண்பாண்டி டிப்ளமா முடித்துவிட்டு அப்பாவோடு அதே பட்டறைக்குப் போனான். மாடி அறை அவனுடையது.

அவனுக்கு வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். நல்ல கேமரா ஒன்று, அதற்கு முக்காலி, நட்சத்திரத்தோடு கூடவே மெல்லத் திரும்புகிற சின்ன மோட்டார் ஒன்று. மேகம் இல்லாத நாளில் அவன் சாப்பிடக் கீழே வரமாட்டான். "நெலாவத்தான் எல்லாருஞ் சும்மாவே பாக்குறாங்களே, நீ எதுக்குடா அதுக்கு மோட்டார் வைக்கிற?" என்பாள் தாமரை. "நெலா இல்லம்மா, நெலா இல்லாத நாளுதான் எனக்கு நாளு" என்பான். தட்டை மாடிக்கே கொண்டுபோய் வைத்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று திட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இறங்குவாள்.

போன ஆனி மாதம் பிறந்த அன்று, ஷிப்ட் முடிந்து வந்தவன் மேல் நாலுவழிச் சாலையில் லாரி ஏறியது. இருபத்து மூன்று வயது.

அன்றைக்கு நட்சத்திரம் அவிட்டம். ஜெயபாண்டியின் அண்ணன் விருமாண்டி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் அடைப்பு" என்றார். அவிட்டத்தில் போனவர்கள் உடனே வீட்டை விட்டுப் போகமாட்டார்கள் என்று கணக்கு. அவர்கள் புழங்கிய அறையைச் சாத்திவிட வேண்டும். அந்தியில் உள்ளே ஒரு விளக்கு மட்டும் ஏற்றி வைத்துவிட்டு மறுபடி சாத்த வேண்டும். ஆறு மாதம் கழித்து நாள் பார்த்து அடைப்பு எடுத்தால்தான் போனவருக்கு வழி.

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் கனகாவின் மாமனார் செத்து அடைப்பு வைத்தபோது, "ஆறு மாசம் ரூமச் சாத்தி வச்சா கரப்பான்தான் குடும்பம் நடத்தும்" என்று சொன்னவள் தாமரை. இந்தத் தடவை அவள் வாயே திறக்கவில்லை. மாடி அறையை ஒட்டடை அடித்து, அவன் சட்டைகளை மடித்து வைத்து, ஜன்னல் திண்டில் ஓர் அகலை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று முதல் தினமும் ஆறேகாலுக்கு நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு மாடி ஏறினாள். ஊரில் விசேஷம் என்றாலும் போகவில்லை. சுபலட்சுமிக்கு உடம்பு சரியில்லை என்றபோதும் திருப்பூருக்குப் போய்விட்டு அன்றைக்கே பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினாள்.

ஜெயபாண்டி பேச்சை நிறுத்திவிட்டார். பட்டறைக்குப் போவார், வருவார். தட்டில் போட்டதில் பாதியைத் தின்பார். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது. தாமரை வேண்டுமென்றே ஒரு நாள் உப்பே போடாமல் ரசம் வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் அவள் பயந்தாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், அவர் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பை கீழே பீரோ மேல் இருந்ததால் அடைப்பில் மாட்டவில்லை. அருண் போய்வந்த நட்சத்திரக் குழுவை நடத்துகிற கல்யாணராமன் சாருக்கு போன் போட்டார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், மோட்டாரை எப்படி வடக்குக்கு நிறுத்த வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். லேத் ஓட்டுகிற கைக்கு அதெல்லாம் பெரிய காரியம் இல்லை. நாலே நாளில் பிடித்துக்கொண்டார்.

படம் எடுத்தது ஒன்றே ஒன்றைத்தான். அவிட்டம். இருட்டியதும் தலைக்கு மேலே, நூல் கட்டிப் பறக்கவிடுகிற சின்னக் காற்றாடி போல நாலு நட்சத்திரம்.

"வானம் அம்புட்டுப் பெருசு, வேற ஒண்ணும் கெடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டாள் தாமரை.

"இதுலதான போனான்" என்றார் அவர். ஐந்து மாதத்தில் அவளிடம் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அவ்வளவுதான்.

கார்த்திகை ஐந்தாம் தேதி, எடுத்த படத்தில் அந்தக் காற்றாடிக்குப் பக்கத்தில் ஒரு புகை தெரிந்தது. ஊதுபத்திப் புகை கலைகிறபோது இருக்குமே, அது மாதிரி மங்கலாக, கொஞ்சம் நீளமாக. மறுநாளும் இருந்தது. மேகம் மறைத்து, நாலு நாள் கழித்து எடுத்தபோது இடம் மாறி, இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. ஜெயபாண்டி போனை வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். கல்யாணராமன் சார் சத்தமாகப் பேசுகிறவர். ஸ்பீக்கர் போடாமலேயே தாமரைக்குக் கேட்டது.

"தினம் நகர்றதா?"

"நகருது சார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம்."

"நகர்ந்தா வால்நட்சத்திரமா இருக்கலாம். ஆனா அவசரப்படாதீங்கோ. இந்த மாதிரிப் புகையெல்லாம் நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது நம்மாத்து லைட்டாத்தான் இருக்கும். எங்கேயோ எரியற வெளிச்சம், சந்து பொந்துல புகுந்து கேமராக்குள்ள போயிடும். எனக்கு ஒரு தடவை வியாழனுக்குப் பக்கத்துல பச்சையா ஒண்ணு வந்துது. ரெண்டு நாள் தூங்கலை. கடைசியில பார்த்தா இன்வெர்ட்டர்ல எரியற லைட்டு!"

"ஒருவேள நெசமா இருந்தா சார்?"

"நெஜமா இருந்து, நம்மதான் மொதல்ல சொல்றோம்னா, கண்டுபிடிச்சவா பேரை வைப்பா."

ஜெயபாண்டி போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "கேமரா அருண்பாண்டியோடது சார். அவன் பேரத்தான் எழுதணும்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு மனுஷன் திரும்பி வந்தான். மறுநாள் ஜெயபாண்டி முகச்சவரம் செய்துகொண்டார். மூன்றாவது தோசை கேட்டார். சட்னியில் காரம் பத்தாது என்றார். அதைக் கேட்டுத் தாமரை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமா, இம்புட்டு நாளா நாக்கு எங்க போயிருந்துச்சு?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பெரிய கார்த்திகைக்குத் தெருவெல்லாம் விளக்கு வரிசை. துக்க வீடு என்பதால் இவர்கள் வீட்டு வாசலும் மதிலும் இருட்டாக இருந்தன. நிலா தேய ஆரம்பித்த பிறகு கல்யாணராமன் சார் சொன்னார்: "ஒரு பரீட்சை வச்சிடுங்கோ. சுத்துவட்டாரத்துல இருக்கிற வெளிச்சம் அத்தனையும் அணைச்சுட்டு ஒரு படம் எடுங்கோ. அப்பவும் அது இருந்தா, நாளைக்கே நாம எழுதி அனுப்பிடலாம். முக்கியமா அந்தக் கார்த்திகை விளக்கு. மாசம் முழுக்க வைப்பாளே, அதை விட்டுடாதீங்கோ."

கார்த்திகை இருபத்தொன்றாம் தேதி ஜெயபாண்டி சாயங்காலமே பட்டறையிலிருந்து வந்துவிட்டார். வீடு வீடாகப் போனார். ஆறு மாதமாக யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தவர் வந்து நின்று கேட்டதும் ஒருத்தரும் மறுக்கவில்லை. தெரு விளக்குக் கம்பத்தில் ஏணி போட்டு ஏறி, சாக்குப் பையை அவரே கட்டினார். கனகா மட்டும் தன் மதிலில் இருந்த அகல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே தாமரையிடம் குசுகுசுத்தாள்.

"ஏக்கா, வால்நட்சத்திரம் வந்தா வரட்டுமே. வெளக்க எதுக்கு உள்ள வைக்கணும், அதுக்கு வெக்கமா?"

"வெக்கமில்லடி. உன் மூஞ்சியப் பாத்துச்சுன்னா திரும்பி ஓடிரும்ல, அதுக்குத்தான். எடுத்துட்டுப் போ."

கனகா சிரித்தாள். தாமரையும் சிரித்தாள். சிரித்தபடியே மாடி ஏறி, வழக்கம்போல அறைக்குள் போய், அகலுக்கு எண்ணெய் விட்டு ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஏழு மணிக்குத் தெருவே இருட்டு. கரண்டு போன மாதிரி. ஜெயபாண்டி மேற்கே பார்த்து முக்காலியை நிறுத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரம் போய் நின்று தெருவில் யாராவது விளக்குப் போடுகிறார்களா என்று காவல் காத்தார். கேமரா இரண்டு நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். தாமரை அதற்குப் பின்னால், ஓரமாக நின்றாள்.

அவள் கண்ணுக்கு இருட்டு பழகியது. அப்போது கேமராவின் முதுகில் மினுக்கென்று ஏதோ தெரிந்தது. கடுகு அளவு, மஞ்சளாக. அது ஆடியது.

குனிந்து பார்த்தாள். கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஓட்டை அது. மஞ்சள் பொட்டு அந்தக் கண்ணாடிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. தாமரை திரும்பிப் பார்த்தாள். பின்னால் கிழக்கே மாடி அறை. அதன் ஜன்னல் கண்ணாடிக்குள் அகல் எரிந்துகொண்டிருந்தது.

அரிசி புடைக்கும்போது கல் கண்ணில் படுவது மாதிரிதான். பட்ட பிறகு படாத மாதிரி இருக்க முடியாது. ஐப்பசியில் அவிட்டம் தலைக்கு மேல் இருந்தது, கேமராவும் நட்டமாக நின்றது. நாளுக்கு நாள் நட்சத்திரம் மேற்கே இறங்க இறங்க கேமராவும் சாய்ந்தது, முதுகு ஜன்னலுக்கு நேரே வந்தது. புகை நகர்ந்ததும், பளிச்சென்று ஆனதும் அதனால்தான். அவ்வளவும் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"இருக்கு!" என்று கத்தினார் ஜெயபாண்டி. படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏய் தாமர, இருக்குடி! அம்புட்டு லைட்டையும் அணைச்சும் இருக்கு!" அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசியாக அவர் அப்படி அவளைத் தொட்டது அருண் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு.

யார் முகத்துக்கும் பயப்படாத வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. "சரி, சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குக் கல்யாணராமன் சார் போன் போடுவதாகவும், இருவருமாகச் சேர்ந்து எழுதுவதாகவும் ஏற்பாடு. தாமரை காலையிலிருந்து ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பால் பொங்கி வழிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். அந்த மனுஷன் இப்போதுதான் காரம் பத்தாது என்கிறார். ஆனால் அடைப்பு எடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. மார்கழி பிறந்தால் எடுக்கக் கூடாது என்று இருபத்தெட்டாம் தேதி குறித்தாயிற்று. அன்றோடு விளக்கு இல்லை. விளக்கு இல்லையென்றால் புகையும் இல்லை. அதற்குள் அவன் பெயரைப் போட்டு எங்கெங்கோ அனுப்பியிருப்பார்கள். எவனாவது பார்ப்பான், இல்லையென்பான்.

ஆறேகாலுக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறினாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஏற்றாமல் விட்டால் உண்மை தானாகத் தெரிந்துவிடும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். மடித்த சட்டைகள் மடித்தபடி இருந்தன. பிறகு ஏற்றினாள்.

வெளியே வந்தபோது ஜெயபாண்டி முக்காலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க. நேத்து எல்லா லைட்டையும் அணைச்சீங்க, ஒண்ணு எரிஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு."

"எது? கனகா வீட்லயா? நான் பாத்தேனே."

"கனகா வீட்ல இல்ல. நம்ம வீட்ல."

அவர் சுற்றிப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரியவே இல்லை. அவள் மோவாயால் ஜன்னலைக் காட்டினாள்.

"அது வெளக்குடி" என்றார்.

"நானும் அதத்தான் சொல்றேன்."

"கிறுக்கச்சி. அது அவனுக்கு வச்சது. அதப் போயி லைட்டுங்குற?"

"கேமராவுக்கு அது தெரியுமா?"

ஜெயபாண்டியின் கை திருகில் நின்றது. "சரி. அப்ப அத அணை. ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்."

"அணைக்க மாட்டேன்."

"நீதான அடைப்பு கிடைப்பெல்லாம் நம்ப மாட்ட? கரப்பான் குடும்பம் நடத்தும்னு சொன்னவதான?"

"நம்பல. அணைக்கவும் மாட்டேன்." எண்ணெய்க் கிண்ணத்தைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். "பின்னாடி ஒரு ஓட்டை இருக்குல்ல, கண்ணு வச்சுப் பாக்குறது. அது வழியாத்தான் போகுது. நான் கைய வச்சுப் பொத்திக்கிறேன். நீங்க எடுங்க. நூல் பிசகாம வேல பாக்குற ஆளுதான நீங்க? பாத்துட்டுச் சொல்லுங்க."

இரண்டு நிமிடம் அவள் உள்ளங்கையை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றாள். கேமராவில் பட்டுவிடாமல், ஆட்டிவிடாமல். கேமரா கிளிக்கென்று மூடிக்கொண்டது.

படத்தில் நாலு நட்சத்திரம் இருந்தது. காற்றாடி. வேறு எதுவும் இல்லை.

"கைய எடு" என்றார். எடுத்தாள். புகை வந்தது.

"வை." வைத்தாள். போனது.

இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். ஆறாவது படத்தைப் பார்த்துவிட்டு ஜெயபாண்டி தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. உட்கார வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை.

"ஏன்டி சொன்ன?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "எப்பயும் ஒனக்கு இதே வேலதான். ஒரு ஆறு நாளு சும்மா இருந்துருக்கக் கூடாதா?"

தாமரை அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ரேசன் கார்டுல அவன் பேர எடுக்கப் போனப்ப நீங்க வரல. நான்தான் தாலுகா ஆபீசுல நின்னேன். கம்ப்யூட்டர்ல ஒக்காந்துருந்த புள்ள, பேரு என்னம்மான்னு கேட்டுச்சு. சொன்னேன். ஒரு பொத்தானத் தட்டுச்சு. அம்புட்டுத்தான், இல்ல. ஒரு சத்தங்கூட வரல." ஈரத் தரையை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இத அனுப்பிவிட்டா, ஊர் பேர் தெரியாத எவனோ பாத்துட்டு, இது தப்புன்னு திரும்ப அவன் பேர அடிப்பான். ஒரு தடவ பாத்தது போதும் எனக்கு."

எட்டு மணிக்குப் போன் அடித்தது. அவர் எடுக்கமாட்டார் என்று நினைத்தாள். எடுத்தார்.

"சார். அது எங்க வீட்டு வெளக்குத்தான் சார்."

"எல்லாத்தையும் அணைச்சேன்னேளே?"

"அணைச்சோம் சார். இது அணைக்கக் கூடாத வெளக்கு. அதனால ஒரு வெளக்காவே தோணல."

கல்யாணராமன் சார் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர்தான். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது தாமரைக்குக் கேட்கவில்லை. ஜெயபாண்டி, "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாமரை இரண்டு தடவை காப்பி போட்டு வைத்து, ஆறியதை எடுத்துப்போய்க் கொட்டினாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரி என்பதால் ஒரு சுகமும் இல்லை என்பதும் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் எழுந்தார். முகம் கழுவினார். கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் ஏறினாள். முக்காலியை நேற்றைய அதே இடத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். ஓட்டையை அவர் மூடவில்லை. மூடச் சொல்லி அவளும் சொல்லவில்லை.

இருபத்து நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு என்று தினமும் எடுத்தார். தினமும் புகை இருந்தது. போனில் யாருக்கும் அனுப்பவில்லை. பெரிதாக்கிப் பார்ப்பார், அவளிடம் நீட்டுவார், அவளும் பார்ப்பாள்.

இருபத்தேழாம் தேதி விருமாண்டி வந்து, விடிந்தால் அடைப்பு எடுக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் சொல்லிவிட்டுப் போனார். அந்தியில் தாமரை அறைக்குள் குனிந்து திரியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஜெயபாண்டி கேமராப் பையோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தாமர."

"என்ன?"

"இன்னைக்குத் திரியக் கொஞ்சம் தூக்கி வையி."

"தூக்கி வச்சா எண்ணெ சீக்கிரம் இழுத்துரும். எட்டு மணிக்குள்ள அணைஞ்சுபோச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று அவள் திரும்பாமலேயே திட்டினாள். பிறகு ஊக்கால் திரியை மேலே நெம்பிவிட்டு, கிண்ணத்தில் இருந்த எண்ணெய் அத்தனையையும் அகலில் ஊற்றினாள்.